வரிப்பத்தான்சேனை வயற்பாதைகளிலே

மலைச் சைக்கிளொன்று வாங்கியிருக்கிறோம் என்று நாம் அறிவித்தபோது, எம் இல்லத்தார் முதலிற் கேட்ட கேள்வி, "மலை எங்கே இருக்கிறது?" என்பதே. கேள்வி நியாயமானதுதான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் எமது கரையோரத்திலே, மணலைத் தவிர மேடென்று சொல்ல அதிகமில்லை. மேற்கே சென்றால் வயல். வயலுக்கு அப்பாலும் வயல். வானம் தெளிந்த காலைகளில் மட்டும் இங்கினியாகலைப் பக்கத்து மலைகள் தொலைவிலே நீலக் கோடாகத் தோன்றும். அவ்வளவே. ஆயினும், வாங்கிய நாளிலிருந்து மாதத்தில் இருமுறையேனும் அவ்வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஓடுமிடம் வரிப்பத்தான்சேனை.

அம்பாறை மாவட்டத்தில் இறக்காமத்தை அடுத்து அமைந்துள்ளது இவ்வூர். முஸ்லிம் விவசாயப் பெருமக்கள் வாழும் ஊர். காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி மேட்டுநிலப் பயிர் செய்யும் இடத்தைச் சேனை என்பர். அட்டாளைச்சேனை, வரிப்பத்தான்சேனை என அச்சொல்லைத் தாங்கிய ஊர்கள் எமது பகுதியில் உள்ளன. பெயரிலே சேனை நின்றாலும், இன்று இவ்வூரின் உயிர் வயலே. பக்கத்தில் இறக்காமக் குளம் பரந்து கிடக்கிறது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக, இங்கினியாகலையில் எழுந்த சேனநாயக்க சமுத்திரம் இம்மாவட்டத்து வயல்களுக்கு நீர் வழங்குகிறது. நீர் செல்லுமிடமெல்லாம் வாய்க்கால். வாய்க்கால் செல்லுமிடமெல்லாம் அதன் அருகே ஒரு கிரவல் பாதை. சைக்கிளோட்டிகளுக்கென எவரும் அமைத்த பாதைகளல்ல இவை. நெல்லுக்கு நீர் காட்டச் செல்வோரும், உழவு இயந்திரம் ஓட்டுவோரும், எருமை சாய்ப்போரும் நடந்து நடந்து உண்டானவை.

இப்பாதைகளை எமக்கு அறிமுகம் செய்தது ஒரு துன்பகாலம். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இந்நாட்டார் எளிதில் மறக்கமாட்டார்கள். பெற்றோலுக்காக மக்கள் இரவுபகலாக வரிசையிலே காத்துக் கிடந்தனர். மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் உறங்கின. பரணிலும் கோடியிலும் கிடந்த பழைய துவிச்சக்கர வண்டிகள் துருவைத் துடைத்துக்கொண்டு வீதிக்கு வந்தன. எம்மோடு கல்லூரியிற் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வரிப்பத்தான்சேனைக்காரர். பஸ் கிடைத்த நாளில் பஸ்ஸிலும், கிடையாத நாளில் சைக்கிளிலும் அவர் வந்து சேர்வார். வியர்த்து விறுவிறுத்து வரும் அவர் முகத்தில் சலிப்பைக் காணோமே என்று வியந்து, ஒருநாள் காரணம் கேட்டோம். "வீதியால் வந்தால்தானே சலிப்பு? நான் வயலால் அல்லவா வருகிறேன்! ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார்.

போனோம். அன்று தொடங்கிய பழக்கம், பெற்றோல் மீண்ட பின்னரும் விடவில்லை.

வெள்ளி மாலையிலே நண்பர் இல்லத்திற்குச் சென்று தங்குவது வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் நாம் மரக்கறி மட்டுமே உண்பவரென்பதை முதல்நாளே கேட்டறிந்துகொண்ட நண்பரின் தாயார், எமக்கெனத் தனியாக ஒரு சட்டி வைத்திருக்கிறார். அதை மீன் சட்டியோடு சேர்த்துக் கழுவவும் விடமாட்டார். மறுநாள் சுபஹுத் தொழுகை முடித்து நண்பர் பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும், சூடான ரொட்டியும் சம்பலும் உண்டு, நிலம் நன்றாக வெளுத்த பின்னரே புறப்படுவோம். இருளிற் புறப்படுதல் ஆகாது. இது யானை நடமாடும் பிரதேசம். முந்திய இரவு எப்பக்கம் யானை இறங்கிற்று என்பதை வயற்காவலிலிருந்து வருவோரிடம் கேட்டறிந்தே எம் வழியைத் தீர்மானிப்போம்.

ஊரைக் கடந்து வாய்க்கால் ஓரப் பாதையில் ஏறியதும் உலகம் மாறிவிடும். மோட்டார் வண்டியிற் செல்வோர்க்கு வயல் என்பது ஒரு பச்சை நிறம். சைக்கிளிற் செல்வோர்க்கோ அஃது ஒரு மணம், ஓர் ஒலி, ஒரு குளிர்ச்சி. துருசினூடாக நீர் பாயும் ஓசை முன்னே கேட்கும். வாய்க்கால் பின்னர்தான் தென்படும். கதிர் முற்றிய வயலுக்கும் பால் பிடிக்கும் வயலுக்கும் மணத்திலேயே வேறுபாடு உண்டென்பதை நாற்பது வயதுக்கு மேலேதான் கற்றோம். குளக்கட்டில் ஏறினால் ஒருபுறம் மருத மரங்கள். மறுபுறம் தோணியிலிருந்து வலை இழுக்கும் மீனவர். நீர்க்காகங்கள் மரக்கொப்புகளிலே சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். எருமைகள் கழுத்தளவு நீரில் நின்றபடி எம்மை ஏறிட்டுப் பார்க்கும். மதிக்கத்தக்கவரல்லர் என்று கண்டு மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அக்கட்டே எமது மலை. வயல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று ஆள் உயரந்தான் இருக்கும். ஆயினும், அதன் சரிவிலே பிரேக்கைப் பாதி அழுத்தியும் பாதி விட்டும், இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து இறங்கும் அந்த ஐந்து விநாடிகளில், கல்லூரி ஆசிரியரின் கௌரவமெல்லாம் காற்றிலே பறந்துபோகும். கீழே நின்ற சிறுவர் இருவர் ஒருமுறை, "சேர், இன்னொருக்கா!" என்று கைதட்டினர். மறுக்க மனம் வரவில்லை. மீண்டும் ஏறி இறங்கினோம்.

இவ்விளையாட்டின் வரலாறும் சுவையானதே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, தமல்பைஸ் என்றொரு மலை உண்டு. பெயரின் தொடக்கம் எம்மொழியை நினைவூட்டினும், அஃது அந்நிலத்துப் பழங்குடியினர் மொழிவழி வந்தது. 1970களிலே அங்கு வாழ்ந்த இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, தடித்த ரயர் பூட்டிய பழஞ்சைக்கிள்களைத் தேடி எடுத்து, மலையின் மண்பாதைகளில் உருட்டிக்கொண்டு இறங்கினர். 1976ஆம் ஆண்டு அங்கே ஓர் இறக்கப் பாதையிலே போட்டி வைத்தனர். இறங்கி முடிப்பதற்குள் பின்சில்லின் பிரேக் கொதித்து, அதனுள் இருந்த கிறீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்கவேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் சொல்லே அப்பாதைக்குப் பெயராயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே தனிச் சட்டம் அமைத்தார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெலியும் மலைச் சைக்கிள் விற்கத் தொடங்கினர். 1996ஆம் ஆண்டு அத்திலாந்தா ஒலிம்பிக்கிலே இது போட்டியாகவும் இடம்பெற்றது.

இவ்வண்டியின் சூட்சுமம் எளிது. அகன்ற ரயரிலே காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டால், அது தரையில் விரிந்து படிந்து மணலைப் பற்றிக்கொள்ளும். முன்னே சிறிய பற்சில்லும் பின்னே பெரிய பற்சில்லுமாகச் செயினை மாற்றிக்கொண்டால், மெதுவாயினும் மேட்டில் ஏறிவிடலாம். ஆனால் பழஞ்சைக்கிளில் மண்பாதையிற் செல்லுதல் எமக்குப் புதிதன்று. அவர்கள் விளையாட்டுக்காகச் செய்ததை, எம்மவர் பிழைப்புக்காக நெடுங்காலமாகச் செய்து வந்தனர். அதை உணர்த்தியது எமக்கு நேர்ந்த ஒரு பிழை.

2023ஆம் ஆண்டுச் சிறுபோகத் தொடக்கம். உழுத வயல்களில் நீர் கட்டி நின்றது. நண்பர் முன்னே கிரவல் பாதையிற் செல்ல, நாமோ குறுக்கே செல்லும் அழகான வரம்பொன்றைக் கண்டு ஆசைப்பட்டு அதிற் செலுத்தினோம். பத்து முழம் போயிருக்கமாட்டோம். முன்சில்லு புதைந்தது, நாம் சேற்றில் அமர்ந்தோம், வரம்பு உடைந்து மேல்வயல் நீர் கீழ்வயலுக்குப் பாயலாயிற்று. வாடியிலிருந்து முதிய விவசாயி ஒருவர் விரைந்து வந்தார்.

"என்ன மாஸ்டர், நேத்துத்தான் வரம்பு கட்டின. இன்னம் காயல்ல. ஒங்களுக்கு விளையாட்டு, எங்களுக்கு இது சோறு" என்றார்.

மறுமொழி சொல்ல நாவெழவில்லை. "பிழை எங்களுடையதுதான் காக்கா. மண்வெட்டியைத் தாருங்கள்" என்றோம். அவர் தரவில்லை; கையால் அள்ளி அடைக்கும் வகையைக் காட்டினார். நாமும் திரும்பி வந்த நண்பரும் முழங்காலளவு சேற்றில் நின்று, களியை அள்ளி வைத்து, உள்ளங்கையால் அடித்து மெழுகினோம். அரை மணி நேரம் சென்றது. வேலை முடிந்ததும் அவரே வாடிக்கு அழைத்துத் தேநீர் தந்து, எந்த ஊர் என்று கேட்டார். எமது கரையோரக் கிராமத்தின் பெயரைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"ஒங்கட ஊராக்கள் அந்தக் காலம் விடியப்புறம் வரிசையா சைக்கிள்ள வருவாங்க. பின்னால உரப்பை, முன்னால சோத்துப் பார்சல். மணிச் சத்தம் கேட்டாத்தான் எங்கட வாப்பா எழும்புவார். பொறகு பிரச்சினை வந்திச்சு, அவங்க வரல்ல. அவங்கட மண்வெட்டி ரெண்டு எங்கட வாடிக்குள்ள கிடந்த. வருவாங்கெண்டு வாப்பா எடுத்து வெச்சிருந்தார். துருப்பிடிச்சுப் போச்சு."

எம் தந்தையாரும் அவ்வாறு சைக்கிளிற் சென்றவரே. மேற்கே எங்கோ இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார். நாம் 1980களின் தொடக்கத்திற் பிறந்தோம். எமக்கு நினைவு தெரிந்த காலத்திலே போர் மூண்டிருந்தது. தந்தையாரின் சைக்கிள் சுவரிற் சாய்ந்துவிட்டது. "வீதியைத் தாண்டி மேற்கே போகாதே" என்பதே எமது இளமைக்காலத்துப் பாடம். போர் 2009இல் முடிந்தது. அந்த நிலம் எந்த வட்டையில் இருந்ததென்று கேட்டறியத் தோன்றுமுன்னர் தந்தையாரும் மறைந்தார். அப்பெரியவர் குறிப்பிட்டவருள் எம் தந்தையாரும் ஒருவரோ, அல்லரோ, யாமறியோம். அவரும் அறியார். எவ்வாறாயினும், அவர் காலையில் எழுந்து சென்ற உலகம் இதுவென்பதை, சேறு காயாத கையில் தேநீர்க் கோப்பையுடன் அன்றுதான் கண்டோம். இருபது மைல் தூரத்தை அடைய எமக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

இரண்டு கிழமை கழித்து அவ்வழியே மீண்டும் சென்றபோது, வாய்க்காலின் குறுக்கே அகன்ற பலகையொன்று கிடந்தது. முன்னர் நாம் சைக்கிளைத் தோளிற் சுமந்து கடந்த இடம் அது. பெரியவர் வரம்பிலே நின்றார். "வரம்பால வராம இதால வாங்க. மழை வந்தா எடுத்துருவன்" என்றார்.

மாணவர்களே, இவ்வின்பத்துக்கு விலையுயர்ந்த வண்டி வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும் சைக்கிள், காற்றடிக்கும் பம்பு, முள் குத்தினால் ஒட்டுப்போடும் சாமான், ஒரு போத்தல் தண்ணீர், இவை போதும். தனியே போகாதீர்கள், ஊரறிந்த ஒருவரோடு போங்கள். பொழுது சாயுமுன் திரும்புங்கள். அறியாத குளத்தில் இறங்காதீர்கள், முதலை உண்டு. விதைத்த வயலிலும் புதிதாகக் கட்டிய வரம்பிலும் சில்லை ஏற்றாதீர்கள். எதிரே சுமையோடு ஒருவர் வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். பாதை அவருடையது, நாம் விருந்தினர்.

எமது மலைச் சைக்கிளிலே மணி இருக்கவில்லை. பழைய சாமான்களிடையே கிடந்த தந்தையாரின் சைக்கிள் மணியை எடுத்து, எண்ணெய் விட்டுத் துடைத்துப் பூட்டியிருக்கிறோம். சற்றே கரகரத்த குரல். பலகையை நெருங்கும்போது ஒருமுறை அடிப்போம். வாடியிலிருந்து பெரியவர் கையை உயர்த்துவார்.