கை மறவாத கோலம்

மறதி மனிதர்க்கு இயல்பு. சாவியை வைத்த இடத்தை மறப்பது நோயன்று. சாவி எதற்கு என்பதையே மறப்பது நோய். முதுமை மறதி எனப்படும் அத்துன்பத்தின் மிகப் பரவலான வகையை, 1906ஆம் ஆண்டில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் செர்மானிய மருத்துவர் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

செலாயாங் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ் மூதாட்டியருள் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் உண்டு. விடியுமுன் வாசலில் கோலமிட்டுப் பால்மரம் வெட்டப் போன தலைமுறை அது. அத்தகைய ஒருவர் இன்று பேரனின் பெயரை மறக்கிறார். அரிசிமாவை அள்ளிக் கூடமெங்கும் இறைக்கிறார். வீட்டார் மாவுக் குவளையை உயரத்தில் ஒளித்து வைக்கின்றனர். அவர்களை அன்பற்றவர் எனல் தகாது. ஆயினும், ஒளித்து வைக்கப்பட்டது மாவு மட்டும்தானா?

1953ஆம் ஆண்டில் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட மூளை அறுவையால், ஹென்றி மோலைசன் என்னும் அமெரிக்கர் புதியனவற்றை நினைவில் கொள்ளும் ஆற்றலை இழந்தார். கண்ணாடியில் மட்டுமே பார்த்து விண்மீன் வடிவொன்றை வரைய உளவியல் அறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்குப் பயிற்சியளித்தார். மூன்றே நாள்களில் அவர் கை தேர்ந்தது. முந்திய நாள் வரைந்ததோ அவர் நினைவில் இல்லை. அவருடையது முதுமை மறதியன்று. எனினும், நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்னும் உண்மை அதனால் தெளிவாயிற்று. அல்சைமர் நோயில் முன்னது முதலில் சிதைகிறது. பின்னது பெரும்பாலும் நெடுநாள் நிற்கிறது.

ஆதலின், ஓவியப் பயிற்சி அத்தகையோர்க்கு வீண் முயற்சியன்று. பயிற்றும் முறைதான் வேறு. புள்ளிகளை எண்ண இயலாதவர்க்குப் பிறர் புள்ளியிட்டுத் தரலாம். இழைகளை அவர் கை இழுக்கும். ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லவேண்டும். செய்து காட்டுதல் அதனினும் நன்று. நோய் நிறவேறுபாட்டைக் காணும் திறனையும் குறைப்பதால், கருந்தரையில் வெண்மாவு அவர் கண்ணுக்கு எளிது. பிழையைத் திருத்துதல் வேண்டா. “இது என்ன?” என்று வினவுதலும் வேண்டா, அவ்வினா அவர்க்கு ஒரு தேர்வாகிவிடும்.

இப்பயிற்சி நோயைத் தீர்ப்பதன்று. இலண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலன், 1995இல் நோய் கண்டறியப்பட்ட பின்னும் சில ஆண்டுகள் தம் முகத்தையே வரைந்தார். ஓவியந்தோறும் அம்முகம் சிதைந்துகொண்டே வந்தது; ஒரு நாள் தூரிகையும் நின்றது. கைப்பழக்கமும் இறுதியில் விடைபெறும் என்பதற்கு அவ்வோவியங்களே சான்று. 2007இல் அவர் மறைந்தார். எனினும், வரைந்த அந்நாள்களில் அவர் நோயாளி மட்டுமல்லர், ஓவியரும் ஆவார்.

அந்தக் காலம் குறுகியது. அதனால்தான் அது அருமையானது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் நாள்தோறும் கால் மணி நேரம் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் இடும் இழையைத் தாமும் இட்டுப் பழகலாம். பேரன் பெயர் அவர் நாவுக்குத் திரும்பாமற் போகலாம். ஆனால் கற்பிப்பவர் பாட்டி, கற்பவர் பேரன் என்னும் பழைய உறவு அந்தக் கால் மணி நேரமேனும் திரும்பும். உயரத்தில் இருக்கும் மாவுக் குவளையைக் கீழே இறக்கி வைத்தல் அதற்கு முதற்படி.