வால்வின் மேல் பழி

பழைய ஹாம் ரேடியோ செட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சங்ககிரிக்கு என்னிடம் வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பது இதுதான்: "ஏனுங்க, வால்வு போயிருச்சுங்களா?" பெரும்பாலும் போயிருக்காது. காற்று புகாத வரை, அலமாரியில் அறுபது வருடம் கிடந்தாலும் வால்வு அப்படியே இருக்கும். காற்று புகுந்துவிட்டால் கண்ணாலேயே தெரியும். உள்பக்கக் கண்ணாடியில் பளபளக்கிற வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருக்கும். செத்துக் கிடப்பது அநேகமாக வால்வுக்குப் பக்கத்திலுள்ள கண்டன்சர்தான்.

*

கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புகிறார்கள். 6வி6 என்ற அவுட்புட் வால்வு. பிளேட்டில் 250 வோல்ட் இருந்தால், கிரிட் 12.5 வோல்ட் மைனஸில் இருக்க வேண்டும். முந்தைய வால்வின் பிளேட்டுக்கும் இந்த கிரிட்டுக்கும் நடுவே ஒரு பேப்பர் கண்டன்சர். அது லேசாகக் கசிகிறது, 10 மெகா ஓம் அளவுக்கு என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 470 கிலோ ஓம். அந்தப் பக்கம் 250 வோல்ட் நின்றால் கிரிட்டில் ஏறுவது சுமார் 11 வோல்ட், அதுவும் பிளஸில். கிரிட்டின் மைனஸ் பயாஸில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். வால்வு தாங்க முடியாத கரண்டை இழுத்து பிளேட் சிவக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் கருகும். உடனே, "வால்வு கெட்டுப்போச்சு". புதுசு போட்டாலும் அதே கதிதான்.

சாதாரண மல்டி மீட்டரின் ஓம் வரிசையில் இந்தக் கசிவு பிடிபடாமல் போகலாம். மீட்டர் கொடுப்பது சில வோல்ட். பேப்பர் தோற்பது 200க்கு மேல். அதனால் 6வி6ஐக் கழற்றிவிட்டு, செட்டை ஓடவிட்டு, காலியான சாக்கெட்டின் கிரிட் காலில் அளக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் கண்டன்சர் நல்லது. ஒரு வோல்ட் பிளஸில் காட்டினாலும் வெட்டி எறியலாம்.

*

இதே கதைதான் யேசு எஃப்டி-101இ செட்டிலும். முழு வால்வு செட் இல்லை அது. டிரைவர் 12பிஒய்7ஏ ஒன்று, கடைசியில் 6ஜேஎஸ்6சி இரண்டு, மற்றதெல்லாம் ட்ரான்சிஸ்டர். அந்த 6ஜேஎஸ்6சி கலர் டிவிக்காகச் செய்த வால்வு. இன்று ஒரு ஜோடி வாங்கும் காசை நினைத்தால் கை நடுங்கும். டிரைவர் பிளேட்டுக்கும் அந்த ஜோடியின் கிரிட்டுக்கும் நடுவே ஒரு சின்ன கண்டன்சர். அது ஷார்ட் ஆனால் டிரைவரின் ஹெச்.டி. (உயர் வோல்ட்டேஜ்) நேராக கிரிட்டில் இறங்கி, இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும். நல்ல வால்வைச் சாக்கெட்டில் மாட்டும் முன்பே அந்தக் கண்டன்சரை மாற்றிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சில ரூபாய்ப் பொருள், ஆயிரக்கணக்கில் காப்பாற்றும். அதன் பிறகு பயாஸைத் திருகி, ஓய்வு கரண்டை 60 மில்லி ஆம்பியரில் நிறுத்த வேண்டும்.

*

மின்சாரம். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், சங்ககிரி எங்கும் பகலில் தறியும் போர் மோட்டாரும் வோல்ட்டேஜைக் கீழே இழுக்கும். லோடு குறைந்த ராத்திரியில் 250ஐத் தொடுவதும் உண்டு. ஹாம்கள் உட்காருவதோ ராத்திரியில்தான்! எஃப்டி-101இ மாதிரி செட்களின் ட்ரான்ஸ்பார்மரில் 220, 234 என இரண்டு இணைப்பும் இருக்கும். 220இல் கட்டியிருந்து லைனில் 250 வந்தால், 6.3 வோல்ட் ஹீட்டருக்குப் போவது கிட்டத்தட்ட 7.2. பத்து சதவீதம் கூடக் குறைய என்பதுதான் வால்வு தாங்கும் எல்லை. இது பதினான்கை ஒட்டுகிறது. 234க்கு மாற்றினால் 6.7; எல்லைக்குள் வந்துவிடும். இணைப்பை மாற்றிப் பற்றவைத்தால் வால்வுக்கு ஆயுள் கூடுகிறது. பழுதே இல்லாத செட்டிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

*

குளவி. மூடி வைத்த செட்டுக்குள் மண்கூடு கட்டியிருக்கும். காயில் டப்பா, ஸ்பீக்கர் கூம்பு, பேண்ட் சுவிட்ச் எதையும் விடாது. காய்ந்த மண்ணைத் தட்டி உடைக்கக் கூடாது, மெல்லிய காயில் கம்பி அறுந்துவிடும். ஈரத்தில் ஊறவைத்துப் பொறுமையாக எடுத்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும்.

*

பல வருடம் தூங்கிய செட்டை நேராகப் பிளக்கில் சொருகவே கூடாது. சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு. பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். இந்தக் குண்டு பல்பு இப்போது கடைகளில் அருகிவருகிறது, கண்ட இடத்தில் வாங்கி வையுங்கள். வேரியாக் இருந்தால் வோல்ட்டேஜை மெல்ல ஏற்றலாம். ஆனால் 5ஒய்3 மாதிரி வால்வு ரெக்டிபையர் உள்ள செட்டில் அது பாதி வேலைதான். அந்த வால்வு சூடேறாத வரை ஹெச்.டி.யே வராது, வந்தால் ஒரேயடியாக வரும்.

எஃப்டி-101இயில் பிளேட் வோல்ட்டேஜ் 600 பக்கம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ரெசிஸ்டன்ஸ் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்புதான் கை வைக்க வேண்டும். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

*

சென்னையில் 1924 மே 16இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31 முதல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பினார்கள். 1927இல் பணமில்லாமல் நின்றபோது கருவி குப்பைக்குப் போகவில்லை. மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள், 1930 ஏப்ரல் 1இல் மாநகராட்சி ஒலிபரப்பு தொடங்கியது. கருவி கை மாறி உயிரோடு இருப்பது நம் ஊரில் அன்றே தொடங்கிய பழக்கம். வால்வும் இங்கேயே செய்தார்கள்: பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரிசீவிங் வால்வு செய்யத் தொடங்கியது. அந்த பெல் முத்திரை வால்வுகளை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செட்டில் போடுவேன்.

*

சேலம் - ஈரோடு தண்டவாளத்துக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. சங்ககிரி துர்க்கம் ஸ்டேஷன் பக்கம் ரயில் எஞ்சின் போகையில் 7 மெகாஹெர்ட்ஸில் கரகரவென்று இரைச்சல் எழும்பினால் செட்டைப் பிரிக்க வேண்டாம். ஆண்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சலும் சேர்ந்து போனால் செட் நன்றாக இருக்கிறது.

*

டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க 50 ஓம் டம்மி லோடுதான். லைசென்ஸ் இருந்தாலும், பேண்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஆண்டெனாவில் ட்யூன் பண்ணிக்கொண்டிருப்பது அநாகரிகம். ட்யூன் பண்ணும்போது ஒரே மூச்சில் பத்து செகண்டுக்கு மேல் கீயை அழுத்தவும் கூடாது. பிளேட்டை ஆறவிட்டு மறுபடி அழுத்துங்கள்.