உப்புக் காற்றில் ஒரு பென்ஸ்

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது அந்தக் கராஜ். தகரக் கூரை, மண் தரை, வாசலில் வேப்பமரம். நான் போனபோது உள்ளே இரண்டு பழைய பென்ஸ் கார்கள் நின்றன. ஒன்று டபிள்யூ 123. 1976இல் அறிமுகமாகி, உலகெங்கும் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் வெளிவந்த வகை அது. மற்றது அதன் பின் வந்த டபிள்யூ 124.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் இருக்கும் காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாட்ஸ் தேடி கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புவார்கள். அங்கும் கிடைக்காததைச் செய்து கொடுத்தவை இத்தகைய கராஜ்களின் கைகள்தான்.

மெக்கானிக் பாஸ் 123இன் சாவியைத் திருப்பி எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. பதறாமல் பொனட்டைத் திறந்து, 'ஸ்டொப்' என்று எழுதியிருந்த சிறிய நெம்புகோலை அமுக்கினார். சத்தம் அடங்கியது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. டீசல் வரத்தை அடைத்தால்தான் நிற்கும். இந்தக் காரில் அதை அடைப்பது வெற்றிடம். எஞ்சினோடு ஓடும் ஒரு பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலே பிரேக்குக்கு வலுக் கொடுக்கிறது. மெல்லிய குழாய்கள் வழியாகப் போய்க் கதவுகளையும் பூட்டுகிறது. ஒரு கதவில் காற்றுக் கசிந்தாலும் எஞ்சின் அணைய மறுக்கலாம். அவர் ஒவ்வொரு கிளைக்குழாயையும் அடைத்து அடைத்துச் சோதித்தார். பின்பக்க இடது கதவுக்குள் இருந்த றப்பர் சவ்வு கிழிந்திருந்தது. எஞ்சினை அவிழ்த்துக் கொட்டியிருந்தால் பல நாள் வேலை. அறிந்த கைக்கு ஒரு கதவுத் தட்டைக் கழற்றும் வேலை.

ஆனாலும் இந்தக் கரையில் காரின் ஆயுளைத் தீர்மானிப்பவர் தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ்தான் என்று அங்கே நின்று பார்த்தபின் உறுதியாகச் சொல்வேன். அறுபதைத் தாண்டிய அவரை எல்லோரும் காக்கா (அண்ணன்) என்றே கூப்பிடுகிறார்கள். "எஞ்சின் இன்னும் இருபது வருசம் ஓடும் தம்பி. காருட பொடிதான் தாங்காது" என்றார். வாடைக் காலத்தில் கடலிலிருந்து வரும் காற்று உப்பைக் கொண்டுவந்து இரும்பில் படிய வைக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. மழை ஓய்ந்து நாளாகியும் தகடு உள்ளுக்குள் நனைந்தே கிடக்கிறது.

காக்கா துணி சுற்றிய காந்தமொன்றை 124இன் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் அது பிடிக்காமல் வழுக்கியது. "இதில தகடு இல்ல, பட்டிதான்" என்றார். ஜாக் வைக்கும் இடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் பலகையைக் கழற்றியபோது மணலும் சேறும் கொட்டின. திருப்புளி முனை அழுத்தாமலே உள்ளே போனது. விற்றவர் துருவைப் பட்டியால் மறைத்து, அதற்குமேல் அழகாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, தரைவிரிப்பை அகற்றி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்தார்கள். பளபளக்கும் இரும்பு தெரியும் வரை துருவை வெட்டினார் காக்கா. மட்டையில் அளவெடுத்துப் புதுத் தகட்டை வெட்டி, இரும்புக் குழாயில் வைத்துத் தட்டித்தட்டி வளைத்தார். ஒரே ஓட்டமாக வெல்டிங் அடிக்கவில்லை. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, நடுவில் ஆறவிட்டார். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ளுஹர் பாங்கு கேட்டதும் வேலை நின்றது. தொழுதுவிட்டு வந்து தொடர்ந்தார்கள். பிறகு ரெட் ஒக்சைட். உட்குழிவுக்குள் மெழுகு கலந்த ஒயில் பீச்சினார்கள். கடைசியாக அடைபட்டிருந்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார். அந்தத் துளைகள் அடைபட்டதுதான் இவ்வளவுக்கும் தொடக்கம்.

124இன் சொந்தக்காரர் சம்மாந்துறை நெல் வியாபாரி. சிறிய ஜப்பான் காரின் விலைக்கும் குறைவாக வாங்கியவர். "வாங்குறது லேசி, வச்சிருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். காக்காவின் பேச்சைக் கேட்டு இப்போது நல்ல தண்ணீரால் காரின் அடிப்பாகத்தைக் கழுவுகிறார். கடலோரக் கிணற்றின் உவர்நீரில் கழுவினால் உப்போடு உப்பைச் சேர்ப்பதாகிவிடும். வருடத்துக்கொருமுறை, பழுதில்லாதபோதும், பலகைகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கூலி கொடுக்கிறார்.

பழைய சொகுசுக் கார் வாங்க நினைப்பவர் படிக்க வேண்டிய பாடம் இதுதான். விலையைப் பேசுமுன் டிங்கர் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும். கார் ஓடாமல் நிற்கும் நாளுக்காகக் காத்திராமல், ஓடும்போதே அவருக்கு வேலை கொடுக்க வேண்டும்.

காக்காவிடம் வேலை பழகும் இளைஞர்கள் இருவர். ஒருவர் வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கிறார். கராஜில் கற்றதைப் பரீட்சித்து என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. வகுப்பறைக்குப் போகாத கைவினைஞருக்கும் அது கிடைக்கும். அந்த மதிப்பீடு இந்த ஒழுங்கைக் கராஜ்கள் வரை வர வேண்டும். வெளிநாடு போகிறவருக்கு அது நல்ல சம்பளம் தரும். ஊரில் நிற்கிறவருக்கு நியாயமான கூலி கேட்கும் தைரியம் தரும். காந்தமும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்த அடுத்த கை கல்முனையில் இருக்குமா என்பது அந்தக் கூலியைப் பொறுத்தது.