மழைக்குள் பார்த்த படம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

மூன்றாம் தவணை முடிகிற கிழமை தரம் 4 பிள்ளைகளுக்கு நாங்கள் பாடசாலையில் ஒரு படம் போட்டுக் காட்டினோம். அது ஊருக்குள் கதையாகிவிட்டது. "படிப்பிக்கிற நேரத்துல படம் காட்டுறாங்களாம்" என்று ஒரு வாப்பா தொலைபேசியில் ஏசினார். இன்னொருவர் நேரே அதிபரிடமே போய்விட்டார். அவர்கள் கேட்டதில் பிழை இல்லை. பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. ஆகவே என்ன படம், ஏன் காட்டினோம், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் இங்கேயே எழுதுகிறோம். நாங்கள் என்றால் தரம் 4 இன் இரண்டு வகுப்புகளுக்கும் பொறுப்பான இரண்டு பேரும்தான். இதில் வருகிற பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும் எழுதச் சொல்லி அனுமதி தந்திருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை. தயவுசெய்து கொமன்ட்டில் ஊகிக்கவும் வேண்டாம்.

அன்று மாரி மழை. இரண்டு வகுப்பிலும் சேர்த்து வந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். பாடத்திட்டம் முடிந்து, பரீட்சையும் முடிந்து, பிள்ளைகள் சும்மா இருந்து ஒருவரையொருவர் நுள்ளிக்கொண்டிருந்தார்கள். அதிபரிடம் கேட்டு புரொஜெக்டரை எடுத்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பெட்சீட்டை கரும்பலகைக்கு மேலே கட்டினோம். பென் ட்ரைவில் இருந்த படம், 'ஷோன் த ஷீப்' வரிசையில் 2019 இல் வந்த 'ஃபாமகெடன்'. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இருக்கிற ஆர்ட்மன் என்ற ஸ்டூடியோ எடுத்தது. தொலைக்காட்சியில் ஷோன் என்ற செம்மறியாட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுதான்.

இந்தப் படத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். இதில் வசனம் கிடையாது. ஆடு "மே" என்கும், நாய் உறுமும், பண்ணைக்காரர் என்னவோ முணுமுணுப்பார், அவ்வளவுதான். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். கெட்ட காட்சியும் இல்லை, வெட்டுக் குத்தும் இல்லை. சில கார்ட்டூன்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இது அப்படி இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மொசிங்கம் என்கிற சின்ன ஊர். பக்கத்தில் ஷோன் இருக்கிற பண்ணை. ஆடுகள் என்ன விளையாட்டுக் கண்டுபிடித்தாலும் பிட்ஸர் என்ற நாய் உடனே ஒரு தடைப் பலகையைக் கொண்டுவந்து நட்டுவிடும். (அதிபர் வாசலில் நின்று அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பாடசாலைச் சுவரிலும் 'ஓடாதே', 'தொடாதே' என்று எழுதாத இடம் குறைவு.) அந்த ஊரில் ஒரு விண்கலம் வந்து இறங்குகிறது. அதில் வந்தது லூ-லா என்கிற வேற்றுக்கிரகப் பிள்ளை. பெற்றோரின் விண்கலத்தைத் தெரியாத்தனமாகக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டது. கேட்கிற சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் செய்யும், பொருட்களை அந்தரத்தில் தூக்கும், பீட்சாவைக் கண்டால் விடாது. சுப்பர் மார்க்கெட்டுக்குள் புகுந்து இனிப்பு முழுவதையும் தின்றுவிட்டுக் கடையைத் தலைகீழாக்குகிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்றுவிட்டார்கள்.

பண்ணைக்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு வேண்டியது ஒரு புது வெட்டு மெசின். ஊரெல்லாம் வேற்றுக்கிரகத்தவர் பைத்தியம் பிடித்து அலைகிறதே, அதை வைத்துக் காசு பார்ப்போம் என்று பண்ணைக்குள்ளேயே ஒரு விண்வெளிக் களியாட்ட இடம் கட்டத் தொடங்குகிறார். அதற்கு வைத்த பெயர்தான் ஃபாமகெடன். மெசினைக் கண்டதும் பின்வரிசையில் ஒரு மகன் எழும்பி, "எங்கட வாப்பாவும் இதுக்குத்தான் லீசிங் போட்டிருக்கார்" என்றான். வயல் செய்கிற ஊரில் அந்தப் பண்ணைக்காரரின் கவலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும், மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை பெய்தால் என்ன சத்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கரை முழுதாகத் திறந்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டின் சத்தமும் இல்லை, பாட்டும் இல்லை. நிறுத்துவோமா என்று நாங்கள் யோசித்தோம். பிள்ளைகள் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் கவனித்தோம். வகுப்பில் ஒரு மகன் எல்லோருக்கும் முதல் சிரிக்கிறான். மற்றவர்கள் சிரிப்பது அதற்குப் பிறகுதான். ரெட் என்ற பெண் அதிகாரி லூ-லாவைப் பிடிக்க மஞ்சள் உடுப்புக்காரர்களோடு அலைகிறார் இல்லையா, அவர்களுக்குள் பிட்ஸர் மாட்டிக்கொள்கிற இடங்களில் பல பிள்ளைகளுக்கு யார் யாரைத் தேடுகிறார்கள் என்று குழம்பிவிட்டது. கத்திக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. இந்த மகன் கையாலும் முகத்தாலும் செய்து காட்டினான். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இவன் யார் என்றால், நாங்கள் 'மந்தம்' என்று ஒதுக்கி வைத்திருந்த பிள்ளை. அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஒன்று சொன்னால் இன்னொன்று செய்வான். சொல்வதெழுதலில் பாதியை விட்டுவிடுவான். கதைத்தால் வாய்க்குள்ளேயே கதைப்பான். 'முணுமுணுக்காமல் உரத்துச் சொல்லு' என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறோம். ஒரு நாள் ஒழுங்காகப் பதில் சொல்வான், அடுத்த நாள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். அதனால் நடிக்கிறான் என்றே முடிவு செய்திருந்தோம்.

அடுத்த நாள் படத்தில் பிடித்த இடத்தை வரையச் சொன்னோம். எல்லோரும் விண்கலம்தான் வரைந்தார்கள், ஒன்றிரண்டு பேர் பீட்சா. இவன் ஒரு தாளை மடித்துப் பன்னிரண்டு பெட்டிகளாக்கி முழுக் கதையையும் ஒழுங்கு மாறாமல் வரைந்திருந்தான். ஷோன் செய்த பிழையால் விண்கலம் திரும்பவும் பூமியில் விழுந்து உடைகிறதே, அதற்குப் பிறகு லூ-லாவின் முகம் வாடிப்போனதைத் தனி ஒரு பெட்டியில் போட்டிருந்தான். அதிகாரி ரெட் சிறு பிள்ளையாக இருந்தபோது வேற்றுக்கிரகத்தவரைக் கண்டு, அதைச் சொல்ல, நம்பாமல் சிரிப்பார்கள். அவரது பிடிவாதத்துக்கெல்லாம் காரணம் அதுதான். படத்தில் சட்டென்று போய்விடுகிற இடம். எங்களில் ஒருவருக்கே அது சரியாகப் பிடிபடவில்லை. இவன் அதையும் வரைந்திருந்தான். சிரிக்கிறவர்களின் வாய்களை ஒவ்வொன்றாகக் கறுப்பு நிறத்தில்.

தாளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. இவ்வளவு விளங்குகிற பிள்ளைக்கு எங்கள் பாடம் மட்டும் ஏன் விளங்கவில்லை?

கலாசாலையில் படிக்கும்போது விசேட தேவையுள்ள பிள்ளைகள் பற்றி ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோன பாடம். அதில் வந்த ஒரு சின்னப் பரிசோதனை ஞாபகம் வந்தது. இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, கொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "உன்ட தண்ணிப் போத்தல் எங்க?" என்று கேட்டோம். அவன் எங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். கொப்பியை எடுத்துவிட்டுக் கேட்டோம். "வகுப்புல சேர்" என்றான். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். திரும்பவில்லை. மூன்று தரம்.

அன்று பின்னேரமே அவர்களின் வீட்டுக்குப் போனோம். வாப்பா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உம்மா அழத் தொடங்கிவிட்டார். வாப்பா கன நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: "கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறல்லண்டு எத்தின தரம் அடிச்சிருப்பன் சேர்." எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. நாங்கள் அடிக்கவில்லை. ஆனால் மூன்று தவணையும் முன்னேற்ற அறிக்கையில் 'கவனம் குறைவு' என்று எழுதியது நாங்கள். அதே அறிக்கையில் 'கேட்டல்' என்று ஒரு நிரல் இருக்கிறது. அதற்கு ஆகக் குறைந்த புள்ளி போட்டதும் நாங்கள்தான். கேட்டல் என்ற சொல்லுக்கு நேரே புள்ளியைப் போடும்போதுகூட காது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டினார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. டொக்டர் விளக்கியதை இங்கே எழுதுகிறோம், வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம். மூக்குக்குப் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. தடிமன் அடிக்கடி வந்து அந்தக் குழாய் அடைபட்டால் உள்ளே நீர் தங்கும். கனபேருக்குச் சில மாதங்களில் தானாகவே மாறிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். நோ இருக்காது, சீழ் வராது, ஆகவே வீட்டில் தெரியவராது. நீர் கூடிக் குறைவதால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. தன் குரல் தனக்குள் பெரிதாகக் கேட்பதால் இப்படியான சில பிள்ளைகள் மெதுவாகக் கதைப்பார்களாம். நாங்கள் குற்றமாகப் பார்த்த ஒவ்வொன்றும் வருத்தத்தின் அறிகுறி.

கேட்காத பிள்ளை இத்தனை நாளும் எங்கள் முகத்தைப் பார்த்தே பாடம் படித்திருக்கிறான். நாங்கள் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டு கதைக்கும்போது அவனுக்குப் பாடம் நின்றுபோயிருக்கிறது. அன்று மழையில் எங்கள் எல்லோருக்கும் காது அடைபட்டபோது, அவன் மட்டும்தான் அதற்குப் பழகியவன்.

இந்தப் படம் எடுக்கிற விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனுக்கு அது ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது. இவை கொம்பியூட்டரில் வரைந்த ஆடுகள் இல்லை. உள்ளே உலோக எலும்புக்கூடு வைத்துச் செய்த சிறு பொம்மைகள். பொம்மையை ஒரு துளி அசைப்பார்கள், ஒரு படம் எடுப்பார்கள், திரும்ப ஒரு துளி அசைப்பார்கள். கண்மணியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஊசி போன்ற ஒன்றை விட்டுப் பார்வையைத் திருப்புவார்கள். திரையில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடும். படம் ஏறத்தாழ 86 நிமிடம். இதைப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே போட்டோம்: 86 ஐ 60 ஆல் பெருக்கி, வருவதை 24 ஆல் பெருக்குங்கள். 123,840. ஒரு இலட்சத்து இருபத்து மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது என்று வாசிக்கவே இரண்டு பேருக்குத்தான் முடிந்தது. கடைசியில் பெயர் ஓடுகிற நிமிடங்களைக் கழித்தாலும் இலட்சத்துக்குக் குறையாது. ஒருவர் நாள் முழுக்க வேலை செய்தால் கிடைப்பது சில செக்கன்கள் மட்டும்.

வசனம் இல்லை என்பதால் எல்லாவற்றையும் கண்ணாலும் தோளாலும் நடையாலும்தான் சொல்ல வேண்டும். சார்லி சாப்ளின் காலத்து மௌனப் படங்களைப் போல. லூ-லா வீட்டை நினைக்கிறது என்பதை விளங்கப்படுத்த, யாரோ ஒருவர் ஒரு பொம்மையின் தலையைப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைத்திருக்கிறார். பார்த்து விளங்கிக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பாடப் புத்தகம் கிடைக்காது. (2021 இல் ஒஸ்கார் விருதுக்கு இதுவும் பரிந்துரைக்கப்பட்டது. கிடைத்தது 'சோல்' என்ற படத்துக்கு. அதுவும் நல்ல படம்தான், ஆனால் அதில் கதைத்துக்கொண்டே இருப்பார்கள்.)

மகனுக்கு முதலில் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு செவிப்பறையில் சிறிய குழாய் வைக்கிற சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நன்றாகக் கேட்கிறது. விட்டுப்போன பாடங்கள் நிறைய. வாசிப்பில் இன்னும் பின்னால்தான் இருக்கிறான், அதை மறைக்கவில்லை. பாடசாலை விட்ட பிறகு கிழமைக்கு மூன்று நாள் அரை மணித்தியாலம் இருக்கிறோம். வகுப்பு ஏறினாலும் விடமாட்டோம் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறோம். அறிக்கையில் எழுதியதைத் திருத்த வழி இல்லையாம். ஒரு கடிதம் எழுதி அவனுடைய கோவையில் இணைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் டீவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற, கூப்பிட்டால் திரும்பாத, ஒரே தடிமனாக இருக்கிற பிள்ளை இருந்தால் ஏச முதல் ஒருக்கால் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் கிளினிக்குக்குப் போங்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் நாங்கள் இப்போது ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டோம். இன்னும் ஒரு மகளை அனுப்பியிருக்கிறோம்.

படம் காட்டியது சரியா பிழையா என்று கேட்டவர்களுக்கு: இன்னொன்று காட்டப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். இம்முறை முன்கூட்டியே கடிதம் அனுப்புவோம், விரும்புகிற பெற்றார் வந்து பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கலாம். எந்தப் படம் போடுவோம் என்று அந்த மகனிடம் கேட்டோம். அதே படம்தானாம். லூ-லாவின் குரல் எப்படி என்று கேட்க வேண்டுமாம். மற்றப் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். அன்று அவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லையே.

யாரிடமாவது நல்ல ஸ்பீக்கர் ஒன்று சும்மா கிடந்தால் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள்.