ஆண்டுக்கொரு ஜெர்சி

மலேசியக் காற்பந்தில் நட்சத்திரமாகாத ஆட்டக்காரரின் வாழ்க்கை ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களால் ஆனது. இந்தப் பருவம் பேராக், அடுத்தது பினாங்கு, அதற்கப்பால் ஏதேனும் ஒரு நகராண்மைக் கழக அணி. இந்த வாழ்க்கை கடந்துவந்த இடங்களில் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் ரயில் பாதைகளை ஒட்டியே இருக்கின்றன. சுபாங் ஜெயாவிலிருந்து புறப்படுபவர் அவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சுபாங் ஜெயாவே சீபீல்ட் தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். 1976-இல் வீடமைப்பு தொடங்கியது. தோட்டம் என்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல். வேலை முடிந்த மாலையில் அந்தத் திடலில் வெறுங்காலோடு ஓடியவர்களிலிருந்தே தமிழ் ஆட்டக்காரர் பலர் வந்தார்கள். தோட்டங்கள் வீடமைப்புக்குப் போனபோது திடல்களும் போயின. அந்த இழப்பைக் காற்பந்துச் சங்கங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

மேற்கே செல்லும் கோமுட்டர் ரயில் போர்ட் கிள்ளானில் முடிகிறது. ‘ஸ்பைடர்மேன்’ எனக் கொண்டாடப்பட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகம் 1953-இல் பிறந்த ஊர் அது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், நாட்டின் புறக்கணிப்பால் போக முடியாமற்போன அணியில் அவர் இருந்தார். 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். அவர் காலத்தில் ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் வங்கியிலோ காவல்துறையிலோ மின்சார வாரியத்திலோ பகல் வேலை இருந்தது. முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் நிற்காது.

1989-இல் பகுதித் தொழில்முறை லீக்கும், 1994-இல் முழுத் தொழில்முறை லீக்கும் வந்தன. ஊதியம் உயர்ந்தது, பகல் வேலை தந்த பாதுகாப்பு போயிற்று. 1994-95 ஆட்ட நிர்ணய லஞ்ச ஊழலில் 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தவறு செய்தவர்களோடு, நேர்மையாக ஆடியவர்களின் பிழைப்பும் அடிபட்டது. ரசிகர்கள் விலகிக் காலியான அரங்கம் யாருக்கும் சம்பளம் தராது.

எல்.ஆர்.டி. ரயிலில் சுபாங் ஜெயாவிலிருந்து நான்காம் நிலையம் கெளானா ஜெயா. பெட்டாலிங் ஜெயா அரங்கம் இந்தப் பகுதியில்தான் உள்ளது. 2003-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற முதல் கிளப் அணியான, பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் எம்.பி.பி.ஜே., இங்கிருந்து புறப்பட்டது, சில ஆண்டுகளிலேயே லீக்கிலிருந்து மறைந்தது. பிறகு வந்தது, மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, 2019-இல் சூப்பர் லீக்கில் நுழைந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி. பின்னர் அது வெளிநாட்டவரை எடுக்காமல், பி. மணியம் பயிற்சியில், உள்நாட்டு ஆட்டக்காரர்களையே நம்பிப் பெரிய அணிகளை எதிர்கொண்டது. வேறெங்கும் மாற்று வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடிய பலருக்கு முழு ஆட்டம் கிடைத்தது அங்கேதான். 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது. மலேசியக் காற்பந்துக்கு அந்த அணி செய்ததைப் பணக்கார அணிகள் பல செய்யவில்லை.

இந்த ஒப்பந்த வாழ்க்கைக்கு, நெகிரி செம்பிலானின் பஹாவில் பிறந்த ஆட்டக்காரர் எஸ். குணாளன் போன்றவர்கள் விதிவிலக்கு. நெகிரி செம்பிலான், சிலாங்கூர், ஜொகூர் என அவரும் அணி மாறினார். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு படி மேலே. கே. ராஜகோபால் பயிற்றுவித்து 2010 தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் இருந்தார். மற்றவர்களுக்கு அணி மாற்றம் பக்கவாட்டு நகர்வு: புதிய வாடகை வீடு, குழந்தைக்குப் புதிய பள்ளி, நிலுவைச் சம்பளத்துக்காக ஆட்டக்காரர் சங்கத்தில் புகார். அந்தச் சங்கம் ஆண்டுதோறும் எழுப்பும் முறையீடு இந்த நிலுவையைப் பற்றியதுதான்.

முப்பதைத் தாண்டியதும் அழைப்புகள் குறைகின்றன. சிலர் கீழ்நிலை லீக்குக்கு இறங்குகிறார்கள். சிலர் பயிற்றுநர் உரிமத்துக்குப் படித்து, மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.