அப்பளக் கார்

"அந்தக் காலத்து அம்பாசடர் இரும்புப்பா, இப்ப வர்ற காரெல்லாம் அப்பளம்." ஊருக்குப் போனால் பெரியப்பா தவறாமல் சொல்வது. வைட்ஃபீல்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் காரை மோதவிட்டுச் சம்பளம் வாங்குகிற என்னிடமே!

அப்பளம்தான் பெரியப்பா, வேண்டுமென்றே. பாரத் என்கேப் சோதனையில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். அந்த வேகத்தில் வரும் கார் 10 சென்டிமீட்டருக்குள் நின்றால் உலுக்கல் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 160 மடங்கு. முன்பக்கம் அரை மீட்டர் மடிந்து கொடுத்தால் சுமார் 32 மடங்குதான்.

இந்த மடிப்பைக் கணக்குப் போடுவதுதான் பேஜார். ஒரு தாளை ஓரத்தில் பிடியுங்கள், தொங்கும். லேசாகக் குழித்துப் பிடியுங்கள், விறைப்பாக நீட்டி நிற்கும். தாள் அதேதான், உருவம் மாறியதும் விறைப்பு மாறிவிட்டது. காரின் மெல்லிய தகடும் இப்படித்தான். வளைவு ரொம்பக் கொஞ்சம் என்று வைத்துக்கொள்கிற கல்லூரிச் சூத்திரம் இங்கே செல்லாது. தகட்டை 5 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மடிய மடிய புது உருவத்துக்குப் புதுக் கணக்கு. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5000 மீட்டர் ஓடும். அது ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரத்தைவிடப் பெரிய ஸ்டெப் வைத்தால் விடை கன்னாபின்னாவென்று எகிறிவிடும். ஆக ஒரு ஸ்டெப் ஒரு மைக்ரோ நொடி. பத்தில் ஒரு நொடியில் முடிகிற மோதலுக்கு ஒரு லட்சம் ஸ்டெப்!

இத்தனைக்கும் பிறகு, வாங்கியவர் முன்னால் புல் பார் மாட்டுகிறார். நாங்கள் மடித்துப் பார்த்த காரில் அந்தக் கம்பி கிடையாது. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. பொங்கலுக்கு ஓசூர் ரோட்டில் எண்ணிப் பாருங்கள். கம்பியைச் சட்டத்தில் பூட்டிவிட்டால் மடிய வேண்டிய இடத்தைத் தாண்டி அடி உள்ளே போகலாம். ஏர்பேக் சென்சாரும் குழம்பலாம்.