பழம் புத்தகமும் தராசும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூல் நிலையம் விளங்கிவரினும், அப்பக்கத்து வீடுகளிற் கிடக்கும் பழம் புத்தகங்களுட் பல இராஜபாளையத்துப் பழங்காகிதக் கடைத் தராசையே வந்தடைகின்றன. அத்தராசின் அருகே யாம் கழித்த மாலைகள் பல.

ஒருநாள் அட்டையிழந்த நூலொன்று அகப்பட்டது. முகப்பில் விபவ வருஷம் என்று மட்டுமே கண்டிருந்தது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கொருமுறை மீள்வன. ஆதலின் அது 1868 ஆகலாம், 1928 ஆகலாம். (1808 ஆதல் அரிது, நம்மவர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தும் உரிமை 1835இலேதான் கிடைத்தது.) முன்னதாயின் அரும்பொருள், பின்னதாயின் விலை சொற்பமே. தாளைப் புரட்டினோம். 1881இல் வாங்கியதாக ஒருவர் மையால் எழுதியிருந்தார். ஐயம் அகன்றது.

கடைக்காரர் எடைக்கு நாற்பது ரூபாய் கேட்டார். அறிந்தவன் அறியாதவனிடம் வாங்குங்கால் நியாய விலை யாது? வாய்மூடி வாங்கிச் செல்லுதல் எளிது. எமக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. "இந்த மூட்டையில் பாதி நேற்றுத்தான் கூழாலைக்குப் போயிற்று, ஐயா" என்றார்.

நிற்க. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பிறர் கழித்தவற்றை வாழ்நாளெல்லாம் வாங்கி ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியும், 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. இதனையும் கடைக்காரருக்குச் சொன்னோம்.

அன்றுதொட்டு வருஷப் பெயர் கண்ட நூல்களை அவர் தனியே வைக்கிறார். விலையையும் உயர்த்திவிட்டார், எம்மிடமும் ஒரு காசு குறைப்பதில்லை.